சிங்கப்பூர் – நியூயார்க்: கிலோமீட்டர் கணக்கும் வாசல் கணக்கும்

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். இணையத்தில் எங்கே தேடினாலும் ஐந்து பத்து கி.மீ. முன்பின்னாக இந்த எண்தான் வரும். பயண நேரத்தில்தான் குழப்பம். ஒரு இடத்தில் 17 மணி என்று போட்டிருக்கும், இன்னொரு இடத்தில் 19 மணிக்கு மேல் என்று இருக்கும். மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கி, நானும் என் கணவரும் கிளம்ப ஏற்பாடு செய்தபோது இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். அந்த இணையதளக்காரர்கள் செய்வது வெறும் வகுத்தல்தான். தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, சிலர் ஏற இறங்க அரை மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் ஒரு விடை, 800 என்று வைத்தால் வேறு விடை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, விமானம் எந்த வழியில் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்காது. அந்த எண்ணை நம்பி யாரையும் விமான நிலையத்துக்கு வரச் சொல்லாதீர்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

தூரம் மட்டும் பொய்யில்லை. அதை நீங்களே வீட்டில் போட்டுப் பார்க்கலாம். இந்த இரண்டு ஊர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக அமைந்திருக்கிறது. சிங்கப்பூர் 104 பாகை கிழக்கில் இருக்கிறது, நியூயார்க் 74 பாகை மேற்கில். கூட்டினால் 178. பூமியின் முழுச் சுற்றில் பாதி 180 என்பதால், ஒன்றின் தீர்க்கரேகைக்குக் கிட்டத்தட்ட நேர் மறுபக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. அப்படி இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி துருவத்தை ஒட்டித்தான் போக வேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே. அங்கிருந்து வடதுருவம் 89 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு இறங்க 49 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 15,318 வருகிறது. பேரனுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது என்று என் கணவர் அப்போதே குறித்து வைத்துக்கொண்டார். பேரனா பேத்தியா என்று அப்போது தெரியாது, அது வேறு.

இந்த நேர் எதிர் நிலையால் இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்காவில் கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில், அதாவது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை, இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள் கடிகாரத்தைத் திருத்தவே வேண்டாம். இங்கே காலை எட்டு என்றால் அங்கே இரவு எட்டு. குளிர்காலத்தில் அது 13 மணி நேரமாகிவிடும். நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில், திரும்பியது டிசம்பரில். அதனால் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையோடு பேசும் நேரம் திடீரென்று ஒரு மணி நேரம் நகர்ந்தது.

சரி, குறுகிய வழி துருவம்தான் என்றால் விமானம் அந்த வழியாகத்தானே போகும்? பெரும்பாலும் போவதில்லை. அந்தக் கோடு சிங்கப்பூருக்கு நேர் வடக்கே சீனாவின் செங்டு, சைபீரியாவின் இர்குட்ஸ்க் என்று ஏறித் துருவத்துக்குப் போகும். 2022 முதல் பல விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளிக்குள் போவதில்லை. அதைவிடப் பெரிய காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்றோட்டம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு அருகே அது மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். அதைப் பின்னால் வைத்துக்கொண்டு பறந்தால், ஆயிரம் கி.மீ. சுற்றிப் போனாலும் முன்னதாகவே இறங்கலாம். 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவர்க் நகருக்கு நேரடிச் சேவையை மறுபடி தொடங்கியபோது, பறக்கும் தூரம் சுமார் 16,700 கி.மீ., நேரம் சராசரியாக 18 மணி 45 நிமிடம் என்றுதான் அறிவித்தது. அந்த முதல் விமானம் 18 மணி நேரத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. வரைபடத்துத் தூரத்தைவிட ஆயிரத்துச் சொச்சம் கி.மீ. கூடுதல், நேரமோ அறிவித்ததைவிடக் குறைவு.

எங்கள் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பியது. இருக்கைத் திரையில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். பிலிப்பீன்ஸ் பக்கமாக ஏறி, ஜப்பானைத் தொட்டு, பசிபிக்கின் வடக்கு ஓரமாக அலாஸ்காவின் கீழே போய், கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கியது. புதன்கிழமை அதிகாலையில் ஏறி, புதன்கிழமை காலையில் இறங்கினோம். நடுவில் ஜப்பானுக்கு அருகே ஒரு சூரிய உதயம், ஏழு மணி நேரம் போலப் பகல், அலாஸ்காப் பக்கம் அஸ்தமனம், பிறகு இரவு, நியூயார்க்கை நெருங்கும்போது இன்னோர் உதயம். தேதிக்கோட்டைத் தாண்டுவதால் நடுவில் வந்த மாலை உண்மையில் செவ்வாய்க்கிழமை மாலை. சன்னல் மூடியைத் திறக்க வேண்டாம் என்று பணியாளர்கள் சொல்வார்கள், மற்றவர்கள் தூங்குவார்கள் என்பதால். அந்த இரண்டாவது உதயத்துக்கு மட்டும் கொஞ்சம் திறந்து பார்த்தோம்.

டிக்கெட் விலை பற்றிச் சொல்லாமல் தீராது. இந்தச் சேவைக்கு ஓடும் ஏ350-900 வகை விமானத்தில் சாதாரண வகுப்பே கிடையாது. மொத்தம் 161 இருக்கைகள். அதில் 67 வணிக வகுப்பு, 94 சாதாரண வகுப்புக்கு ஒரு படி மேலான வகுப்பு. காரணம் எடை. அதன் எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். நிரப்பினால் அதுவே 130 டன் போல வரும். விமானம் ஏறும்போது இருக்கக்கூடிய மொத்த எடையே 280 டன்தான். பாதி எடை எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவும் எரிபொருள் வேண்டும். அதனால் ஆட்களைக் குறைக்கிறார்கள். முன்பக்கச் சரக்கு அறையைக்கூடப் பயன்படுத்துவதில்லை. 2004இல் இதே வழியில் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தை ஓட்டினார்கள். எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சின் விமானம் வந்த பிறகுதான் மறுபடி ஓடுகிறது.

அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று நாங்களும் யோசித்தோம். பிராங்க்பர்ட் வழியாகப் போனால் சிங்கப்பூரிலிருந்து 10,270 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் 6,190 கி.மீ. மொத்தம் 16,460. அதாவது நேரடி விமானம் பறக்கும் தூரமும் இதுவும் ஏறக்குறைய ஒன்று! வழியில் நின்று போவது சுற்று வழி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் பல நேரம் அப்படி இல்லை. நேரம்தான் ஐந்தாறு மணி கூடும். சாதாரண வகுப்பும் இருக்கிறது, செலவும் குறையும். நடுவில் இறங்கி நடப்பது காலுக்கும் நல்லது. முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு, சக்கர நாற்காலி தேவைப்படாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். என் கணவருக்கு இடைவழி நிலையத்தில் நீண்ட தூரம் நடப்பதும் மறுபடி பாதுகாப்புச் சோதனையில் நிற்பதும் சிரமம். அதற்காகவே நேரடி விமானம் எடுத்தோம், ஐந்து மணி நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அல்ல.

இனி எங்கள் சம்பந்தி வீட்டுப் பயணம். அவர்கள் திருச்சி. பிள்ளை பிறந்து புண்ணியதானம் செய்யும் சமயத்துக்கு வர வேண்டும் என்று ஆசை. சென்னையிலிருந்து நியூயார்க் நேர்க்கோட்டில் 13,500 கி.மீ. போல வரும். எங்களைவிட கிட்டத்தட்ட 2,000 கி.மீ. பக்கம். “உங்களுக்கு முன்னாடி நாங்க போய்ச் சேர்ந்துடுவோம் சம்பந்தி” என்று அவர் தொலைபேசியில் சொன்னார். நான் தாளில் எழுதிப் பார்த்தேன். திருச்சி வீட்டிலிருந்து காரில் சென்னை விமான நிலையம் ஆறு மணி நேரம். அங்கே மூன்று மூன்றரை மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். துபாய்க்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு. துபாயிலிருந்து நியூயார்க் 14 மணி நேரம், எதிர்க்காற்று என்பதால். இறங்கிக் குடிநுழைவு, பெட்டி, வீடு என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல். எல்லாம் சேர்த்தால் 33 மணி நேரம். எங்களுக்கு உட்லண்ட்ஸ் வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை 24.

அப்போதுதான் எனக்கு இன்னொரு வழி தோன்றியது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, நான்கே கால் மணி நேரம். சாங்கியில் நான்கு மணி நேரம் இருந்துவிட்டு இந்த நேரடி விமானத்தைப் பிடித்தால்? மேற்கே போக வேண்டியவர்கள் முதலில் 3,000 கி.மீ. கிழக்கே வருகிறார்கள். மொத்தத் தூரம் 18,000 கி.மீ. தாண்டுகிறது. ஆனால் வாசல் கணக்கில் 32 மணி நேரம்தான் வருகிறது. துபாய் வழியைவிட நாலாயிரம் கி.மீ. அதிகம், நேரம் ஒரு மணி குறைவு. இதை நான் சொன்னபோது மாப்பிள்ளையே முதலில் நம்பவில்லை. பிறகு அவரும் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டார். கடைசியில் கட்டணம் கூடுதல் என்பதால் சம்பந்தி துபாய் வழியைத்தான் எடுத்தார். அது அவர்களுக்குச் சரியான முடிவுதான். ஆனாலும் ஊரிலிருந்து வெளிநாடு கிளம்பும் எல்லாருக்கும் சொல்வேன்: சென்னைக்குப் போவதையே தொடக்கமாக வைத்துத் தேடாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து விமான நிலையத்திலிருந்து எங்கெங்கே நேரடியாகப் போகலாம் என்று முதலில் பாருங்கள்.

அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. திருச்சியிலிருந்து துபாய்க்கும் நேரடி விமானம் இருக்கிறதே, சென்னை வரை ஏன் போக வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டார். அவருக்குத் தேடலில் கிடைத்தது இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள். ஒரே பதிவு எண்ணில் இரண்டு விமானங்களும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் தானாக மாறிவிடும். தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை, புது டிக்கெட் நம் செலவு. பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். வயதானவர்களை அப்படி அனுப்ப எனக்கு மனம் வராது. சம்பந்தி போன நாளில் சென்னையிலேயே விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. மூன்று மணி நேர இடைவெளி இருந்ததால் ஓடாமல் போய் ஏறினார்கள். தேடும்போது ஒரு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட்தான் ‘மொத்த நேரம் குறைவு’ என்று முதலில் வந்து நிற்கும். அதைத் தாண்டிப் போங்கள்.

இறங்கும் ஊரிலும் இதே பார்வை வேண்டும். நியூயார்க்குக்கு இரண்டு பெரிய பன்னாட்டு விமான நிலையங்கள். கென்னடி குவீன்ஸ் பக்கம், நியூவர்க் நியூஜெர்சிப் பக்கம். சிங்கப்பூரிலிருந்து இரண்டுக்கும் உள்ள தூர வித்தியாசம் ஐந்தே கி.மீ. ஆனால் தரையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நடுவில் மன்ஹாட்டன் இருக்கிறது, நெரிசல் நேரத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். என் மகள் இருப்பது குவீன்ஸில், ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் பத்து நிமிடம். அதனால் எங்களுக்குக் கென்னடி. பிள்ளைகள் எடிசன் பக்கம் இருந்தால் நியூவர்க்கைப் பாருங்கள்.

தேதி விஷயத்தில் கவனம். நள்ளிரவு 12:40க்குப் புதன்கிழமை விமானம் என்றால் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது செவ்வாய்க்கிழமை இரவு. குடும்பக் குழுவில் செய்தி போடும்போது “செவ்வாய் ராத்திரி 9 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறோம்” என்றுதான் எழுதினேன், விமான நேரத்தை எழுதவில்லை. கூட்டிப்போக வருகிறவர்களுக்கு இறங்கும் ஊரின் தேதியும் நேரமும் மட்டும் போதும்.

உடம்புக்கு வருவோம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. மொத்தத்தில் அது அரிதுதான். இருந்தாலும் பதினெட்டு மணி நேரம் என்றால் அலட்சியம் கூடாது. கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறையை மருத்துவரிடம் கேட்டு வாங்கினோம். நடைவழிப் பக்க இருக்கை எடுத்தோம், விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்கொருமுறை எழுந்து பின்கட்டு வரை நடந்து வந்தோம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தொண்டையும் கண்ணும் காய்ந்துவிடும். கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் நம் வீட்டுப் பெண்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த எழுந்து போகும் நடையே காலுக்கு மருந்து.

என் கணவருக்குச் சர்க்கரை. காலையும் இரவும் எட்டு மணிக்கு மாத்திரை. பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரிடம் பயண அட்டவணையோடு போனோம். 12 மணி நேர வித்தியாசம் என்பதால் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை போடும் மாத்திரைக்கு மாற்றமே தேவைப்படவில்லை, எட்டு எட்டாகவே இருந்தது. இரவு மட்டும் போடும் இன்னொரு மாத்திரையைத்தான் எப்படி நகர்த்துவது என்று எழுதிக்கொடுத்தார். இன்சுலின் போடுகிறவர்கள் இதைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. மருந்து முழுவதும் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. பிரசவத்துக்கு எடுத்துப் போன சுக்கு, மிளகு, திப்பிலியை எல்லாம் அமெரிக்கச் சுங்கத்தில் உணவுப் பொருள் என்று சொல்லிக் காட்டினோம். பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். கருவாடு, இறைச்சி வேண்டாம்.

தூக்கத்துக்கு நான் கண்ட வழி இது. சாங்கியில் ஏறும்போது நியூயார்க்கில் நண்பகல். அதனால் முதல் பாதியில் கொஞ்சம்தான் கண்ணயர்ந்தேன். அங்கே இரவு பத்து ஆகும்போது, அதாவது பயணத்தின் சரிபாதியில், விளக்கை அணைத்துப் படுத்தேன். இறங்கிய அன்று மாலை வரை வெளிச்சத்தில் நடந்தேன். உடம்பு ஒரு நாளைக்கு ஒன்று ஒன்றரை மணி நேரம்தான் சரியாகும் என்பார்கள். பாதி உலகம் மாறினால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகத்தான் செய்யும். அதனால் பிரசவ நாளுக்கு இரண்டு வாரம் முன்பே போயிருந்தோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் அந்த இரண்டு வாரத்தைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பாதி ராத்திரியில் விழித்துக்கொண்டு தவிக்கும் பாட்டியால் பிள்ளை பெற்றவளுக்கு உபகாரம் இல்லை.

திரும்பும்போது விமானம் மேற்கே போகும் என்று நினைத்திருந்தேன். அன்று காற்றைப் பார்த்து மறுபடியும் கிழக்கேதான் கிளம்பியது. அட்லாண்டிக், ஐரோப்பாவின் தென்பகுதி, துருக்கி, பிறகு இந்தியா தாண்டி வங்காள விரிகுடா. போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே, ஆக மொத்தம் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தோம். வேறு நாட்களில் வேறு வழியில் போவார்கள், அன்றன்றைக்குக் காற்று எப்படியோ அப்படி. வெள்ளிக்கிழமை இரவு ஏறி, ஞாயிற்றுக்கிழமை காலை சாங்கியில் இறங்கினோம். சனிக்கிழமை முழுவதும் வானத்தில் கழிந்தது. என் கணவர் பெருமாளுக்குச் சனிக்கிழமை விரதம் இருப்பவர். பகல் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கணக்கில்லாத ஒரு நாளில், ஐரோப்பாவில் விடிந்தது முதல் ஆசியாவில் இருட்டும் வரை பால், பழம் மட்டும் சாப்பிட்டார். ஐந்தாறு மணி நேரத்தில் பகல் முடிந்துவிட்டது. இது போதாது என்று இறங்கும் வரை அப்படியே இருந்தார்.

சம்பந்தி அம்மா துபாய் வழியாகத்தான் திரும்பினார். பின்காற்று இருந்ததால் துபாய் வரை பன்னிரண்டரை மணி நேரம், போனதைவிட ஒன்றரை மணி குறைவு. சென்னையில் இறங்கியது விடியற்காலை என்பதால் உடனே காரில் ஏறாமல், பல்லாவரத்தில் உறவினர் வீட்டில் தூங்கி எழுந்து மத்தியானம் திருச்சிக்குக் கிளம்பினார்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்த ஓட்டுநரோடு, தூக்கக் கலக்கத்தில் நெடுஞ்சாலையில் போக வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அடுத்த ஆண்டு பிள்ளைக்கு மொட்டை போட மகள் குடும்பம் ஊருக்கு வருகிறது. கைக்குழந்தையோடு எந்த வழி என்று இப்போதே மாப்பிள்ளை கேட்கிறார். சிங்கப்பூர் வழியாக வந்து, எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கி, பிறகு திருச்சிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.